பாஸ்வேர்ட் சரிதான், ஆனாலும் சர்வர் உள்ளே விடவில்லை: டொமைன் கன்ட்ரோலர் பிழைகளை எந்த வரிசையில் தேடுவது?

காலையில் ஒரு சர்வரில் லாகின் செய்தால் "டொமைனுடனான நம்பிக்கை உறவு முறிந்துவிட்டது" என்கிறது. இன்னொன்றில் "லாகின் சர்வர் எதுவும் கிடைக்கவில்லை" என்று வருகிறது. மூன்றாவதில் செய்தியே இல்லை. பாஸ்வேர்டை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறது. மூன்றுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம். ஒரே செய்திக்கு மூன்று வெவ்வேறு காரணங்களும் இருக்கலாம். விண்டோஸ் காட்டும் பிழைச் செய்தி, கடைசியாகக் கைவிரித்தது யார் என்பதைத்தான் சொல்லும். சிக்கல் தொடங்கிய இடம் பெரும்பாலும் அதற்கு இரண்டு படி முன்னால் இருக்கும். அதனால்தான் பாஸ்வேர்டை மாற்றி, சர்வரை ரீஸ்டார்ட் செய்து, டொமைனிலிருந்து கழற்றி மறுபடி சேர்த்து நாளைக் கழித்த பிறகும், மறுநாள் அதே பிழை வந்து நிற்கிறது.

எந்தப் படியில் நின்றது என்று கண்டுபிடிக்கும்வரை எதையும் மாற்றக் கூடாது. அதற்கு, ஒரு லாகினின்போது உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

## லாகின் கடக்கும் ஐந்து படிகள்

டொமைன் என்பது ஒரே நிர்வாகத்தின் கீழ் வரும் கணினிகளும் பயனர்களும் அடங்கிய குழு. டொமைன் கன்ட்ரோலர் என்பது, நிறுவனத்தின் பயனர் கணக்குகளையும் கணினிக் கணக்குகளையும் அவற்றின் ரகசியச் சாவிகளையும் வைத்திருக்கும் சர்வர். இந்தக் கணக்குகள் இருக்கும் தரவுத்தளம்தான் ஆக்டிவ் டைரக்டரி. விண்டோஸ் 2000 சர்வருடன் வந்தது. அடையாளம் சரிபார்க்க அது முதலில் நாடுவது கெர்பரோஸ் என்ற முறையை. 1980களில் எம்ஐடியின் அதீனா திட்டத்தில் உருவான இந்த முறையில் பாஸ்வேர்ட் நெட்வொர்க்கில் போவதே இல்லை. கன்ட்ரோலர் முதலில் ஒரு நுழைவு டிக்கெட் தரும். அதைக் காட்டி, ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனியாகச் சேவை டிக்கெட் வாங்கிக்கொள்ள வேண்டும். கெர்பரோஸ் கைகொடுக்காத இடத்தில் என்டிஎல்எம் என்ற பழைய முறைக்கு விண்டோஸ் இறங்கும்.

டிக்கெட்டின் ஆயுள் பொதுவாக 10 மணி நேரம். மதியம் கன்ட்ரோலர் விழுந்தாலும், காலையில் திறந்த ஃபைல் சர்வரில் ஒருவர் மாலைவரை வேலை செய்துகொண்டிருப்பார். பக்கத்து மேசைக்காரருக்குப் புதிதாக எதுவும் திறக்காது. "அவருக்கு வருகிறது, எனக்கு வரவில்லை" என்ற புகாரின் பின்னணி பல நேரம் இதுதான்.

படிகள் இவை:

1. பெயர்: கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்று டிஎன்எஸ் (பெயரைக் கொடுத்தால் முகவரி சொல்லும் சேவை) சொல்ல வேண்டும்.
2. வழி: அதன் போர்ட்களுக்கு (ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட வாசல்களுக்கு) பாதை திறந்திருக்க வேண்டும்.
3. நேரம்: இரு பக்கக் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும்.
4. கணினியின் நம்பிக்கை: கணினி தன் சொந்தக் கணக்கால் கன்ட்ரோலரிடம் தன்னை நிரூபிக்க வேண்டும்.
5. டிக்கெட்: பயனருக்கும், அவர் தேடிப்போகும் சேவைக்கும் சரியான டிக்கெட் கிடைக்க வேண்டும்.

முந்தைய படி ஆட்டம் காணும்போது பிந்தையதைப் பழுது பார்ப்பதில் பயனில்லை. ஒரு எச்சரிக்கையும் உண்டு. கன்ட்ரோலர் கிடைக்காவிட்டாலும், முன்பு அந்தக் கணினியில் நுழைந்தவரை விண்டோஸ் சேமித்து வைத்த நகலைக் கொண்டு உள்ளே விடும். இயல்பாக 10 பேர்வரை நினைவில் வைத்திருக்கும். ஆகவே டெஸ்க்டாப் வந்துவிட்டது என்பது கன்ட்ரோலர் கிடைக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது.

## படி 1: டிஎன்எஸ்

ஒரு கணினி கன்ட்ரோலரை அதன் பெயரைச் சொல்லித் தேடுவதில்லை. "இந்த டொமைனுக்கு எல்டாப் (டைரக்டரியில் தேடும்) சேவை தருவது யார், கெர்பரோஸ் தருவது யார்" என்று டிஎன்எஸ்ஸிடம் கேட்கும். அதற்கான விடைகள் எஸ்ஆர்வி பதிவுகளில், அதாவது எந்தச் சேவையை எந்தச் சர்வர் தருகிறது என்ற டிஎன்எஸ் குறிப்புகளில், இருக்கின்றன. ஒவ்வொரு கன்ட்ரோலரிலும் நெட்லாகான் (லாகின் தொடர்பைக் கவனிக்கும் விண்டோஸ் சேவை) அவற்றைத் தானே பதிந்து வைக்கும். கன்ட்ரோலருக்குப் பிங் போகிறது, டொமைனில் சேர மட்டும் முடியவில்லை என்றால், சாதாரணப் பெயர்ப் பதிவு இருக்கிறது, எஸ்ஆர்வி பதிவு கிடைக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். அப்போது வரும் பிழை எண் பெரும்பாலும் 1355.

சோதிக்க, என்எல்டெஸ்ட் கட்டளையை டிஎஸ்கெட்டிசி ஸ்விட்சும் டொமைன் பெயரும் கொடுத்து ஓட்டுங்கள். கூடவே ஃபோர்ஸ் ஸ்விட்சையும் சேர்க்க வேண்டும்; இல்லாவிட்டால் நேற்று கண்டுபிடித்த கன்ட்ரோலரையே நினைவிலிருந்து எடுத்துக் காட்டிவிடும். விடையில் கன்ட்ரோலரின் பெயர், ஐபி, சைட் (அது எந்தக் கிளையைச் சேர்ந்தது என்ற குறிப்பு) மூன்றையும் படியுங்கள். கிளையில் இருக்கும் சர்வர் தலைமையகத்துக் கன்ட்ரோலரைப் பிடித்திருந்தால், அந்தக் கிளையின் சப்நெட் (ஐபி முகவரி வரம்பு) எந்தச் சைட்டிலும் சேர்க்கப்படாமல் விடுபட்டிருக்கலாம்.

இந்தப் படியில் அதிகம் காணப்படும் தவறு ஒன்று. நெட்வொர்க் கார்டில் முதல் டிஎன்எஸ்ஸாகக் கன்ட்ரோலரின் ஐபி, இரண்டாவதாக, "ஒருவேளை அது விழுந்தால் இன்டர்நெட்டாவது வேலை செய்யட்டும்" என்று கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8. முதலாவது ஒருமுறை பதில் தரத் தாமதித்தால் விண்டோஸ் இரண்டாவதைக் கேட்கும். அந்தப் பொது டிஎன்எஸ்ஸுக்கு உங்கள் டொமைன் தெரியாது. "அப்படி ஒரு பெயர் இல்லை" என்று சொல்லும். அதுவும் ஒரு முழுமையான பதில் என்பதால் விண்டோஸ் வேறு யாரையும் கேட்காது. சற்று நேரம் கழித்துத் தானாகச் சரியாகும், பிறகு மறுபடி வரும். வந்து வந்து போகும் பிழை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதை. டொமைனில் இருக்கும் எந்தக் கணினியிலும் உள் டிஎன்எஸ் மட்டுமே இருக்க வேண்டும். வெளி முகவரிகளைத் தேடும் வேலையைக் கன்ட்ரோலரின் ஃபார்வர்டர் (கேள்வியை வெளி டிஎன்எஸ்ஸுக்கு அனுப்பும் அமைப்பு) பார்த்துக்கொள்ளும்.

கன்ட்ரோலரில் பேக்கப்புக்கென்றோ ஸ்டோரேஜுக்கென்றோ இரண்டாவது நெட்வொர்க் கார்டு இருந்தால், அதன் ஐபியும் டிஎன்எஸ்ஸில் பதிந்துவிடும். அந்த ஐபியை விடையாகப் பெறும் கணினிகளுக்கு மட்டும் டொமைன் "இல்லை". அந்தக் கார்டின் டிஎன்எஸ் பதிவுத் தேர்வை எடுத்துவிட்டு, தவறாகப் பதிந்த முகவரியை நீக்கி, நெட்லாகான் சேவையை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

## படி 2: போர்ட்கள்

பிங் போவது பாதை திறந்திருப்பதற்குச் சான்று இல்லை. இவை எல்லாம் திறந்திருக்க வேண்டும்:

1. 53: டிஎன்எஸ்
2. 88: கெர்பரோஸ்
3. 123, யுடிபி என்ற அனுப்பு முறையில்: நேரம்
4. 135: ஆர்பிசி (இன்னொரு கணினியில் வேலை செய்யச் சொல்லும் முறை) விசாரணைப் போர்ட்
5. 389: எல்டாப். டிசிபி, யுடிபி இரண்டும் வேண்டும். கன்ட்ரோலர் உயிரோடு இருக்கிறதா என்று கணினி தட்டிப் பார்ப்பது யுடிபி வழியாக
6. 445: ஃபைல் பகிர்வு, குரூப் பாலிசி
7. 464: பாஸ்வேர்ட் மாற்றம்
8. 3268: குளோபல் கேட்டலாக் (எல்லா டொமைன்களின் சுருக்கப் பட்டியல்)
9. 49152 முதல் 65535 வரை: ஆர்பிசி பேச்சு நடக்கும் போர்ட்கள்

ஒன்பதாவதை மறப்பவர்கள் அதிகம். 135இல் கேட்டால் "இன்ன போர்ட்டுக்குப் போ" என்று கன்ட்ரோலர் கைகாட்டும். அந்தப் போர்ட் ஃபயர்வாலில் மூடியிருக்கும். எல்டாப் வேலை செய்யும், டிஎன்எஸ் வேலை செய்யும், ஆனால் டொமைனில் சேர்வதும் நம்பிக்கைச் சோதனையும் 1722 என்ற எண்ணோடு நிற்கும். பவர்ஷெல்லின் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் டிசிபி போர்ட்களை மட்டுமே சோதிக்கும். யுடிபிக்குப் போர்ட்கொரி கருவி வேண்டும்.

## படி 3: நேரம்

டிக்கெட்டில் நேர முத்திரை இருக்கும். யாராவது டிக்கெட்டை நடுவழியில் பிடித்துவைத்து பிறகு பயன்படுத்துவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. இரு கடிகாரங்களுக்கும் இடையே இயல்பாக 5 நிமிடம்வரை வித்தியாசம் பொறுத்துக்கொள்ளப்படும். அதற்கு மேல் போனால் சில சமயம் விண்டோஸ் கன்ட்ரோலரின் நேரத்தைப் பார்த்து மறுமுயற்சி செய்து தப்பித்துக்கொள்ளும். சில சேவைகள் ஓடி, சில மட்டும் உடைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒப்பிடுவதற்கு டபிள்யூ32டிஎம் கட்டளையின் ஸ்ட்ரிப்சார்ட் வசதி போதும்: கன்ட்ரோலரின் பெயரைக் கொடுத்து ஐந்து மாதிரி எடுங்கள். ஒவ்வொரு வரியிலும் வித்தியாசம் விநாடியில் வரும். 0.02 என்றால் கவலையில்லை. 430 என்று வந்தால் ஏழு நிமிடம் தாண்டிவிட்டது, காரணம் அகப்பட்டுவிட்டது. பிறகு, நேரம் எங்கிருந்து வருகிறது என்று சோர்ஸ் கேள்வியால் பாருங்கள். "லோக்கல் சிமாஸ் கிளாக்" (போர்டிலேயே உள்ள கடிகாரம்) என்றால் அந்தச் சர்வர் யாரையும் பின்பற்றவில்லை. விர்ச்சுவல் மெஷின் என்றால், அதைத் தாங்கும் நிஜக் கணினியான ஹோஸ்ட்டின் நேரம் ஒரு பக்கமும் டொமைனின் நேரம் ஒரு பக்கமுமாக இழுக்கும் நிலை வரலாம். கன்ட்ரோலர் விர்ச்சுவலாக இருந்தால், ஹோஸ்ட்டின் நேர ஒத்திசைவை அதற்கு நிறுத்திவைப்பதே நல்லது. டொமைனில் ஒரே ஒருவர்தான் வெளியிலிருந்து நேரம் வாங்க வேண்டும்: பிடிசி எமுலேட்டர் என்ற தனிப் பொறுப்பில் உள்ள கன்ட்ரோலர். மற்றக் கன்ட்ரோலர்களும் கணினிகளும் அந்த நேரத்தைப் பின்தொடரும்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு வகையும் உண்டு. புதிதாக நிறுவிய சர்வர் அமெரிக்கப் பசிபிக் மண்டலத்தில் இருக்கிறது. யாரோ மண்டலத்தை மாற்றாமல், கடிகார முள்ளை மட்டும் இந்திய நேரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டார். திரையில் மணி சரியாகத் தெரியும். ஆனால் கெர்பரோஸ் பார்ப்பது உலகப் பொது நேரத்தை. அந்தக் கணக்கில் சர்வர் பன்னிரண்டரை அல்லது பதிமூன்றரை மணி நேரம் தள்ளி நிற்கிறது. மணியைப் பார்த்துவிட்டு "நேரம் சரி" என்று முடிவு கட்டாமல் மண்டலத்தையும் பாருங்கள். மின்வெட்டுக்குப் பிறகு மட்டும் பிழை வந்தால், போர்டில் உள்ள சிமாஸ் பேட்டரி தீர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

## படி 4: கணினியின் நம்பிக்கை

டொமைனில் சேர்ந்த ஒவ்வொரு கணினிக்கும் ஒரு கணக்கும் யாரும் தட்டச்சு செய்யாத ஒரு பாஸ்வேர்டும் உண்டு. இயல்பாக 30 நாளுக்கு ஒருமுறை அது மாறும். மாற்றுவது கணினி, கன்ட்ரோலர் அல்ல. இந்த ஒரு வரியை நினைவில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும். ஆறு மாதம் பீரோவில் கிடந்த லேப்டாப்பின் நம்பிக்கை, கிடந்த காரணத்தால் மட்டும் முறிவதில்லை: அது அணைந்திருந்தது, எனவே யாரும் பாஸ்வேர்டை மாற்றவில்லை. உயிர் வந்ததும் தானே மாற்றிக்கொள்ளும்.

அப்படியானால் முறிவது எப்படி?

1. பழைய ஸ்னாப்ஷாட் (சர்வரின் அன்றைய நிலையின் நகல்). மூன்று மாதத்துக்கு முந்தைய ஸ்னாப்ஷாட்டுக்கு ஒரு விர்ச்சுவல் சர்வரைத் திருப்பினால், அதன் கையில் மூன்று மாதப் பழைய பாஸ்வேர்ட். கன்ட்ரோலரிடம் இருப்பதோ, அதற்குப் பின் மாறி மாறி வந்த புதியது.
2. ஒரே பெயரில் இரண்டு கணினிகள். குளோன் செய்ததைப் பெயர் மாற்றாமல் டொமைனில் சேர்த்தால், பழைய கணினியின் பாஸ்வேர்ட் மேலெழுதப்படும். இதைச் சரிசெய்தால் அது உடையும், அதைச் சரிசெய்தால் இது உடையும். இப்படி ஆட்டம் காட்டினால் இரட்டைப் பெயரைத் தேடுங்கள்.
3. கணினிக் கணக்கு நீக்கப்பட்டோ முடக்கப்பட்டோ இருப்பது. நாள்பட்ட கணக்குகளைத் துப்புரவு செய்யும் ஸ்கிரிப்ட்கள் இதைச் செய்துவிடும். பீரோவில் கிடந்த லேப்டாப்புக்கு உண்மையில் நேர்வதும் பெரும்பாலும் இதுவே.
4. கன்ட்ரோலர்களுக்கு இடையே ரெப்ளிகேஷன் (மாற்றங்களைப் பரிமாறிக்கொள்வது) நின்றிருப்பது. ஒரு கன்ட்ரோலரில் மாறிய பாஸ்வேர்ட் மற்றதற்குப் போய்ச் சேராது.

சோதிக்க, என்எல்டெஸ்ட்டின் எஸ்சி-வெரிஃபை, அல்லது பவர்ஷெல்லில் டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல். பின்னது பொய் என்று விடை தந்தால், அதே கட்டளையை ரிப்பேர் ஸ்விட்சுடன், டொமைனில் உரிமையுள்ள கணக்கைக் கொடுத்து ஓட்டுங்கள். பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். டொமைனிலிருந்து கழற்ற வேண்டிய தேவை இல்லை. டொமைன் கணக்கில் நுழையவே முடியாவிட்டால் லோக்கல் அட்மினாக நுழையுங்கள். அதுவும் தெரியாவிட்டால் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு, முன்பு அதில் லாகின் செய்த டொமைன் கணக்கில் முயலுங்கள். சேமித்த நகல் உள்ளே விடும். பிறகு கேபிளைச் செருகிப் பழுது பார்க்கலாம்.

உடைந்தது கன்ட்ரோலரே என்றால் முறை வேறு. அதில் கெர்பரோஸ் டிக்கெட் தரும் கேடிசி சேவையை நிறுத்தி, தானாகத் தொடங்காதபடி மேனுவலில் வைத்து, கேலிஸ்ட் பர்ஜ் செய்து (கையிலுள்ள டிக்கெட்களை அழித்து), நெட்டாம் ரீசெட்பிடபிள்யூடி கட்டளையை நல்ல நிலையில் உள்ள இன்னொரு கன்ட்ரோலரைச் சுட்டி ஓட்ட வேண்டும். ரீஸ்டார்ட் ஆன பின் கேடிசியைப் பழையபடி ஆட்டோமேட்டிக்குக்கு மாற்ற வேண்டும். கேடிசியை நிறுத்தாவிட்டால், அது தன்னிடமுள்ள பழைய சாவியைக் கொண்டு தனக்குத்தானே டிக்கெட் தந்துகொண்டு பழுதை நீட்டிக்கும்.

## படி 5: டிக்கெட்

இங்கே எளிய சோதனை ஒன்று நிறையச் சொல்லும். ஃபைல் சர்வரைப் பெயரால் திறந்து பாருங்கள். பிறகு ஐபி முகவரியால் திறந்து பாருங்கள். ஐபியால் போகும்போது விண்டோஸ் இயல்பாகக் கெர்பரோஸைத் தொடாமல் என்டிஎல்எம்முக்குப் போகும். ஐபியால் திறந்து பெயரால் திறக்கவில்லை என்றால், பாஸ்வேர்டும் உரிமையும் சரி. கெர்பரோஸ் பக்கம் கோளாறு, அல்லது பெயர் தவறான கணினியைக் காட்டுகிறது. இரண்டிலும் திறக்கவில்லை என்றால் கணக்கு, உரிமை, பாதை ஆகியவற்றைப் பாருங்கள். இது சோதனைக்கு மட்டும்தான். "ஐபியிலேயே பயன்படுத்துங்கள்" என்று எல்லோருக்கும் சொல்லி அனுப்புவது கோளாறைப் புதைப்பதாகும்.

சேவை டிக்கெட், அந்தச் சேவையை ஓட்டும் கணக்கின் சாவியால் பூட்டப்படுகிறது. எந்தக் கணக்கு என்பதைக் கன்ட்ரோலர் எஸ்பிஎன் என்ற சேவைப் பெயரைப் பார்த்து முடிவு செய்யும். எஸ்பிஎன் எங்குமே பதிவாகவில்லை என்றால் என்டிஎல்எம்முக்கு இறங்கி எப்படியோ ஓடும். தவறான கணக்கில் பதிவாகியிருந்தால்தான் ஆபத்து: டிக்கெட் கிடைக்கும், ஆனால் சேவையால் அதைத் திறக்க முடியாது. சிஸ்டம் லாகில் கெர்பரோஸ் நிகழ்வு எண் 4 வரும். எஸ்கியூஎல் சர்வரை இயல்பான கணக்கிலிருந்து தனி டொமைன் கணக்குக்கு மாற்றிய மறுநாள் இணைப்பு உடைவது இப்படித்தான். எஸ்பிஎன் இன்னும் பழைய கணக்கிலேயே நிற்கும். செட்எஸ்பிஎன் கட்டளையின் எக்ஸ் ஸ்விட்ச் இரட்டைப் பதிவுகளைக் காட்டும்; கியூ ஸ்விட்ச் ஒரு பெயர் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று காட்டும். திருத்திய பின் கேலிஸ்ட் பர்ஜ் செய்ய மறக்காதீர்கள், பழைய டிக்கெட் கையில் இருக்கும்வரை பிழையும் இருக்கும்.

## நிகழ்வு எண்கள்

கன்ட்ரோலரின் செக்யூரிட்டி லாகில் 4768 நுழைவு டிக்கெட் கேட்டதைப் பதியும், கிடைத்தாலும் மறுக்கப்பட்டாலும்; 4771 கெர்பரோஸ் மறுப்பு. கூடவே வரும் குறியீட்டைப் படியுங்கள்: 0எக்ஸ்6 என்றால் அப்படி ஒரு கணக்கு இல்லை, 0எக்ஸ்12 என்றால் கணக்கு பூட்டப்பட்டோ முடக்கப்பட்டோ இருக்கிறது, 0எக்ஸ்17 பாஸ்வேர்ட் காலாவதி, 0எக்ஸ்18 தவறான பாஸ்வேர்ட், 0எக்ஸ்25 நேர வித்தியாசம். 4776 என்டிஎல்எம் சோதனை. 4740 கணக்கு பூட்டப்பட்ட நிகழ்வு. எந்தக் கணினியிலிருந்து தவறான பாஸ்வேர்ட் வந்தது என்ற பெயர் அதிலேயே இருக்கும். அந்தக் கணினியில் பழைய பாஸ்வேர்டோடு ஓடும் சேவையோ, ஷெட்யூல் டாஸ்க்கோ, துண்டிக்கப்பட்ட ரிமோட் லாகினோ காத்திருக்கும்.

கிளையன்ட் (கன்ட்ரோலரை நாடும் கணினி) பக்கம் 5719 வந்தால், நெட்லாகானுக்குக் கன்ட்ரோலர் கிடைக்கவில்லை என்று பொருள். பூட் ஆகும்போது ஒருமுறை மட்டும் வந்து பிறகு எல்லாம் ஓடினால், நெட்வொர்க் தயாராகும் முன் நெட்லாகான் எழுந்துவிட்டது. நெட்வொர்க் ஸ்விட்ச்சின் போர்ட்டை ஸ்பேனிங் ட்ரீ (வட்டப் பாதையைத் தடுக்கும் ஏற்பாடு) 30 விநாடி பிடித்து வைப்பதும் காரணமாகலாம், அந்தப் போர்ட்டில் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போட்டால் தீரும். நாள் நடுவில் வந்தால் படி 1, 2க்குத் திரும்புங்கள். 3210 வந்தால் படி 4.

## அப்டேட்டுக்குப் பிறகு உடைந்தால்

எல்லாம் சரியாக இருந்தும் அப்டேட் போட்ட மறுநாள் உடைந்தால், மைக்ரோசாஃப்ட் ஏதோ ஒரு பழைய பலவீனத்தை அடைத்திருக்கிறது என்று எண்ணித் தேடலாம். 2020 ஆகஸ்டில் வந்த, ஜீரோலாகான் என்ற நெட்லாகான் பலவீனத்துக்கான திருத்தம் 2021 பிப்ரவரியில் கட்டாயமானபோது, பாதுகாப்பற்ற முறையில் பேசிய பழைய சாதனங்கள் மறுக்கப்பட்டன. 5827, 5828 ஆகிய எண்கள் அதைச் சொல்லும். 2022 நவம்பர் 8 அப்டேட் கெர்பரோஸ் குறியாக்கத்தை இறுக்கியபோது, சரியான சாவி இல்லை என்ற நிகழ்வு 14உடன் பல இடங்களில் லாகின் நின்றது; நவம்பர் 17இல் தனித் திருத்தம் வந்தது. பல ஆண்டுகளாகப் பாஸ்வேர்ட் மாறாத சேவைக் கணக்குகளுக்கு ஏஇஎஸ் (புதிய, வலுவான குறியாக்கம்) சாவியே இல்லாமல் இருக்கலாம். ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றினால் சாவி உருவாகும். பழைய, பலவீனமான குறியாக்கமான ஆர்சி4ஐத் திரும்பத் திறந்துவிடுவதைவிட அதுவே சரியான வழி.

## கழற்றிச் சேர்ப்பதற்கு முன்

மேலே சொன்ன எதுவும் கைகொடுக்காமல், கணினிக் கணக்கே நீக்கப்பட்டு மீட்கவும் முடியாத நிலையில்தான் டொமைனிலிருந்து கழற்றி மறுபடி சேர்ப்பதற்கு வேலை. கணக்கை நீக்கிப் புதிதாக உருவாக்கினால் அதன் அடையாள எண் மாறிவிடும். பழைய கணக்குக்குத் தந்த குழு உரிமைகள், கூடுதல் எஸ்பிஎன்கள், டெலிகேஷன் (பயனர் சார்பில் வேறு சேவையை அணுகும் அனுமதி) அமைப்புகள் எதுவும் கூட வராது. பழைய கணக்கையே மறுபடி பயன்படுத்த நினைத்தால், 2022 அக்டோபர் அப்டேட்டிலிருந்து இன்னொரு தடை: அந்தக் கணக்கை உருவாக்கியவர் அல்லாதவர் அதே பெயரில் சேர்த்தால் 2732 என்ற எண்ணோடு மறுக்கப்படலாம். எஸ்கியூஎல், சான்றிதழ் சேவை, கிளஸ்டர் ஓடும் சர்வர்களில் இந்த வழியைத் தொடவே வேண்டாம்.

செய்தே ஆக வேண்டுமென்றால், கணக்கில் இருக்கும் எஸ்பிஎன்களையும் குழுக்களையும் முதலில் ஒரு கோப்பில் எடுத்து வையுங்கள். அடுத்து, லோக்கல் அட்மின் பாஸ்வேர்ட் தெரியும் என்று நம்பிக்கொண்டு நிற்காமல், அந்தக் கணக்கில் ஒருமுறை நிஜமாகவே லாகின் செய்து பாருங்கள். அது திறந்த பிறகு டொமைனிலிருந்து கழற்றுங்கள்.